பரிசத்தன்று தாய்மாமன் சொன்னது

இதை எழுத வேண்டியவர் ஒரு டாக்டர். இல்லையென்றால் ஒரு பெண். நான் இரண்டும் இல்லை. புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன், பத்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. பெண்களின் உடம்பைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை எழுதுகிறானே என்று யாருக்காவது கூச்சமாக இருந்தால், எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். "எழுதிக்கோ. என் பேர மட்டும் போடாத" என்றாள். அவள் பேரைப் போடாமல் மற்றவர்கள் பேரைப் போடுவது சரியில்லை என்பதால் யார் பேரையும் போடவில்லை.

அக்கா என்னைவிட மூத்தவள், ஐம்பதைத் தாண்டியவள். மாமா இறந்த பிறகு என் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாமை விதைப்பாள், புளி அடிக்கும் காலத்தில் புளி உடைப்பாள். ஒரே மகள். அவள் மலைக்குக் கீழே ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கிறாள். அங்கேயே மற்றப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் என் ஜீப்பில் மேலே வருவாள். அக்காவுக்கு வாய் அதிகம். எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் அவளே பிறக்கும்போது எடுத்துக்கொண்டு வந்துவிட்டதாக என் மனைவி சொல்வாள்.

எங்கள் ஊரில் மாதவிலக்கு வந்து தூரமான பெண்கள் இப்போதும் வீட்டுக்குள் தங்குவதில்லை. ஊர் எல்லையில் ஓடைப் பக்கம் அவர்களுக்கென்று ஒரு அறை இருக்கிறது. முன்பு புல் வேய்ந்த குடிசை. இப்போது சிமெண்ட் அட்டை போட்டிருக்கிறார்கள், ஒரு பல்பும் எரிகிறது. தட்டு, சொம்பு, பாய் எல்லாம் தனி. சாப்பாடு வீட்டிலிருந்து வரும். ஆண்கள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் கூடாது. ஜீப் பாதை அந்த அறைக்கு முன்னால்தான் போகிறது. அங்கே வரும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டு, முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டுவோம். வளைவும் அங்கேதான் இருக்கிறது. என் ஜீப்பின் இடது பக்கம் நசுங்கியிருப்பது அப்படி ஒரு நாள் முகத்தைத் திருப்பியபோது பலா மரத்தில் இடித்ததால். அதைத் தட்டிச் சரிசெய்ய இன்றுவரை எனக்கு நேரம் வரவில்லை.

அக்காவுக்கு மாதவிலக்கு நின்று சில வருடம் ஆகியிருந்தது. நின்ற பிறகு அந்த அறைக்கு அவள் போகவில்லை. பிறகு ஒரு நாள் மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. அவள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போய்விட்டாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பின்னாளில் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்னா அண்ணி, வயசு திரும்புதா?" என்று என் மனைவிதான் முதலில் கேட்டாளாம்.

"ஆமாண்டி. மொதல்ல எனக்கு ஒரு மாப்ள பாருங்க. அப்புறமா என் பொண்ணுக்குப் பாக்கலாம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாம். ஆனால் அந்த ரத்தம் மாதக் கணக்குக்கு வரவில்லை. வந்தது, நின்றது, பத்து நாளில் மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். முறை தவறாமல் நடப்பதில் அக்காவை யாரும் மிஞ்ச முடியாது. ரத்தம் வந்தால் போவதற்கு ஒரு இடம் இருந்தது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் தினமும் அந்த வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு போய் வந்தேன். அக்கா வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் நிலத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலம் அவள் அந்த அறையை விட்டு வரவே இல்லை. சாப்பாடு கொண்டுபோன என் மனைவிக்கு ஒரு வாடை தட்டியிருக்கிறது. அது சாதாரண வாடை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளே துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் அழைத்துப் போனாள். நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "நின்னு எத்தன வருசம் ஆச்சு?" என்பதுதான். பதிலைக் கேட்டதும், "இது தூரம் இல்லம்மா. உடனே கீழ கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நாங்கள் மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவிக்கு அன்று காய்ச்சல், அதனால் நான் மட்டும் கூடப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "லேடீஸ் யாரும் வரலையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து எல்லாரிடமும் வயிற்றில் கட்டி என்று சொன்னேன். டாக்டர் சொன்ன அந்தச் சொல்லை என் மனைவியிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் காட்டினேன், அவளே படித்துக்கொண்டாள்.

கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மருந்தும் ஏற்றினார்கள். அக்காவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு பாதியாக இளைத்தது. ஆனால் முடிந்தபோது கட்டி தெரியவில்லை என்றார்கள். அவள் மறுபடி சாமை விதைத்தாள், மறுபடி வாயாடினாள். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தாள். பிறகு இடுப்பு வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பியிருந்தது.

இந்த முறை எங்களிடம் பேசியது வயதில் சின்னப் பெண், டாக்டருக்குப் படித்துவிட்டு மேலே படித்துக்கொண்டிருப்பவர். என்னை அண்ணா என்று கூப்பிட்டார். அக்கா உள்ளே படுத்திருந்தாள். என்னை வெளி பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணா, உங்க அக்காவுக்கு ஆரம்பிச்ச அதே சமயத்துல இன்னொரு அம்மாவுக்கும் கரண்டு வெச்சோம். அதே ஸ்டேஜ். அதே மருந்து. அவங்களுக்கு இன்னும் திரும்பல. உங்க அக்காவுக்குத் திரும்பிடுச்சு. ஏன்?"

என்னைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "தெரியலைங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கும் முழுசாத் தெரியாது. அதுக்குத்தான் உள்ள பாக்கணும்."

பிறகு அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு இருக்கிறது. எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. அது எப்படி வருகிறது என்றும் அவர் சொன்னார். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விடுவது தப்பு. தாம்பத்தியத்தில் வருகிறது. ஏறக்குறைய எல்லாருக்குமே எப்போதாவது வந்து, தானாகவே போய்விடுகிற கிருமிதான். சிலருக்குப் போகாமல் பல வருடம் தங்கிவிடுகிறது. இதில் யாருடைய நடத்தைக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் அழுத்திச் சொன்னார். தங்கிய இடத்தில் அது மரபணுவைக் கெடுக்கிறது. எங்கே எது கெட்டது என்பது பெண்ணுக்குப் பெண் மாறும். ஒரு மாதிரி கெட்டால் நோய் கரண்டுக்கு அடங்குகிறது. வேறு மாதிரி கெட்டால் அடங்கியது போல் இருந்து திரும்பி வருகிறது. சில மாற்றங்களுக்கென்று புதிய மருந்துகள் இருக்கின்றன. அக்காவுக்கு எது என்று தெரிந்தால் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று யோசிக்க முடியும். முதலில் எடுத்த சதை போதாது. திரும்பி வந்த நோய் பழைய நோய் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒரு துண்டு எடுக்க வேண்டும். கூடவே ரத்தமும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"கட்டாயம் மருந்து கிடைக்கும்னு நான் சொல்லல அண்ணா. டெஸ்டுல கெட்ட சேதியும் வரலாம். ஆனா பாக்காம இருந்தா, கண்ண மூடிக்கிட்டு மருந்து குடுக்கற மாதிரி. ரொம்பத் தள்ளியும் போடாதீங்க."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அது அக்கா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பதற்குள் காது சூடாகிவிட்டது. "டாக்டரம்மா, அக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்குது. மரபணுன்னு சொல்றீங்களே..."

"பொண்ணுக்கு வருமான்னு கேக்கறீங்களா? அம்மாகிட்ட இருந்து புள்ளைக்குப் போற மாதிரியான மாற்றம் இல்ல இது. நோய் வந்த அந்த எடத்துல, பின்னாடி உண்டானது. உங்க அக்கா பொறக்கும்போது இது கிடையாது. அவங்க பொண்ணு பொறக்கும்போதும் கிடையாது. ரத்தம் எடுக்கறதே எது பொறப்புல வந்தது, எது பின்னாடி வந்ததுன்னு பிரிச்சுப் பாக்கத்தான். பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னா தடுப்பூசி போடுங்க. முப்பது வயசுக்கு மேல எல்லாப் பொண்ணுங்களயும் போல பரிசோதனை பண்ணிக்கட்டும். அவ்வளவுதான்."

மலை ஏறி வரும்போது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிந்ததும் ஆரம்பித்தாள்.

"எதுக்குடா ரத்தம் எடுக்கறாங்க?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"எடம் கெட்டுப் போச்சுன்னா எடத்தப் பாக்கணும். ரத்தத்தப் பாக்கறாங்கன்னா வம்சத்தப் பாக்கறாங்கன்னுதான அர்த்தம்? அந்தப் பொண்ணு எனக்குச் சமாதானம் சொல்லுது. நீயும் தலைய ஆட்டிட்டு வந்துட்ட."

அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது யார் யாருக்கு ஒரே ரத்தம் என்பதைத்தான். ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறார்கள் என்றால் அது பரம்பரை பற்றிய பேச்சு என்றுதான் மலையில் யாருமே எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு அப்போதுதான் அவள் மகளுக்கு ஒரு இடம் கூடி வந்திருந்தது. எங்களுக்கு நாலைந்து ஊர் தள்ளி உள்ள பையன், அதே ஷூ கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. முறையும் சரியாக இருந்தது. பரிசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சதை எடுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நாள் பரிசத்துக்கு மறுநாள்.

"பரிசம் நல்லபடியா முடிஞ்சா மறுநாளு நானே வந்து ஜீப்புல ஒக்காந்துக்கறேன்" என்றாள் அக்கா. "என் சேதியால நின்னு போச்சுன்னு வெச்சிக்கோ, அப்புறம் டெஸ்டும் வேணாம், மருந்தும் வேணாம். என்ன வுட்டுடு. எவனாவது கேட்டா வயித்துல கட்டி, கரைஞ்சி போச்சின்னு சொல்லு."

"நான் எதுக்கு சொல்லணும்?"

"நீதானடா மாமன்!"

அதுதான் என் சிக்கல். எங்கள் ஊர்ப் பரிசத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் இரண்டு பக்கத்தையும் பார்த்து, மறைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். பையனுக்குப் பையனின் தாய்மாமன் பதில் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணின் தாய்மாமன். பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெற்றவர்கள் மறைப்பார்கள், மாமன் மறைக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. வழக்கமாக அது ஒரு பேச்சுக்குக் கேட்பதுதான். இரண்டு மாமனும் "ஒன்னும் இல்லைங்க" என்பார்கள், தட்டு மாறும். இரண்டே சொல். அதைக்கூட நான் வண்டி ஓட்டும்போது சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

பரிசத்தன்று காலை வெயில் நன்றாக அடித்தது. அக்கா வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தோம். பையன் வீட்டார் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அக்கா கணவனை இழந்தவள் என்பதால் சபைக்கு வராமல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் சொல்லவில்லை, அவளாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் பட்டுப் புடவையில் இருந்தாள். முகத்தில் பவுடர் அதிகம் என்று என் மனைவி முணுமுணுத்தாள். பையனின் அம்மா பெண்கள் வரிசையில் முதலில் உட்கார்ந்தார். வாட்டசாட்டமான உடம்பு, எட்ட நின்றாலும் கேட்கிற குரல்.

பையனின் மாமன் எழுந்து, "எங்க பக்கம் ஒன்னும் இல்லைங்க" என்றார். ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் பையனின் அம்மா பேசிவிட்டார்.

"நான் ஒன்னு கேக்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது. பொண்ணோட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில என்னமோ ஜீன் டெஸ்டு எடுக்கச் சொல்லி இருக்காங்கன்னு காதுல வுழுந்தது. கம்பெனியில எங்க பையனோட வேல செய்யற ஒருத்தங்க சொன்னாங்க. ஜீன்னா பரம்பரையாமே? நாளைக்கி எங்க வூட்டுல பொறக்கற பேத்திக்கும் வருமா? மாமன் சொல்லட்டும்."

பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அக்கா நகர்ந்து உட்காருகிறாள் என்று தெரிந்தது. வயிற்றில் கட்டி, கரைந்து போய்விட்டது. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. ஆனால் பையனின் அம்மா கேட்டது அதை இல்லை. கட்டி என்று சொன்னால் அவருக்கு ஜீன் என்கிற சந்தேகம் அப்படியே இருக்கும். இங்கே தட்டு மாறினாலும் அவர் வீட்டுக்குப் போய் நினைத்துக்கொண்டே இருப்பார். அதை யோசித்தபடி நின்றுவிட்டேன்.

"மாமன் இன்னா, வாயில வெத்தல வெச்சிருக்காரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

"அக்காவுக்குக் கேன்சருங்க" என்றேன். "கர்ப்பப்பை வாயில."

ஆண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லிவிட்ட பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் போகவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதே என்பதால் மேலே சொன்னேன்.

"அது பரம்பரையா வர்றது இல்லைங்க. டாக்டரு சொன்னாங்க. ஒரு கிருமி வந்து, நோய் வந்த எடத்துல மட்டும் அந்த ஜீனக் கெடுத்துடுச்சி. பொறக்கும்போது அக்காவுக்கு அது இல்ல. பொண்ணுக்கும் இல்ல."

"எடத்துல மட்டும் கெட்டுதுன்னா?" என்றார் பையனின் அம்மா. "ஜீனு ஒடம்பு முழுக்க ஒன்னுதான? பையன் படிச்சவன், அவன் சொல்றான்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே நின்ற என் வண்டியைக் காட்டினேன்.

"அதோ, அந்த ஜீப்பு இடது பக்கம் நசுங்கி இருக்குதுங்களா? பலா மரத்துல நான் இடிச்சது. கம்பெனியில இருந்து வரும்போது அது நல்லாதான் வந்தது. நான் இடிச்சிட்டேங்கறதுக்காக, கம்பெனியில அதுக்கு அப்புறம் செய்யற ஜீப்பு எல்லாம் இடது பக்கம் நசுங்கியா வரும்? அந்த மாதிரிங்க. அக்காவுக்கு வந்தது ரோட்டுல பட்ட அடி."

பையனின் மாமனும் ஜீப் வைத்திருப்பவர். அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, கூடப் பொறந்த அக்காவ சபையில ஜீப்பு ஆக்கிட்டியே!"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஜீப்புதாங்க! இன்னும் மேடு ஏறுது!"

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள், பெண்கள் வரிசையிலும். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கு டெஸ்டு?"

"நோய் திரும்பிடுச்சுங்க. இதுல ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வைத்தியம் செஞ்சாலும் ஒருத்தருக்கு அடங்குது, ஒருத்தருக்குத் திரும்புது. உள்ள எது எப்படிக் கெட்டுதுன்னு பாத்தாதான் எந்த மருந்து கேக்கும்னு தெரியுமாம்."

"பொழைச்சிக்குவாங்களா?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"தெரியாதுங்க. டாக்டரும் சொல்லல. பாத்தாதான் தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தி, என்னிடம் இல்லாமல் என் மனைவியிடம் கேட்டார். "மொதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

என் மனைவி என்னைப் போல் இல்லை. நேராகச் சொன்னாள். "நின்னு போயி சில வருசம் கழிச்சி மறுபடி வந்துதுங்க. தூரம்னு நெனச்சி அந்த அறையில போய் ஒக்காந்துட்டாங்க. நாங்களும் கேலி பேசிட்டு இருந்தோம். அப்பவே போயிருந்தா லேசுல முடிஞ்சிருக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"ம்" என்றார் பையனின் அம்மா. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்து, "மாமன் மறைக்கல. தட்ட மாத்துங்க" என்றார்.

தட்டு மாறியது. பெண் அழுதாள், பவுடர் கலைந்தது. ஊர்க்கவுண்டர் தண்ணீர் கேட்டார். நான் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கட்டின்னு சொல்லுடான்னா, ஊரு முழுக்கக் கேக்கற மாதிரி சொல்லிட்ட" என்றாள். "வாயே தொறக்காதவன் தொறந்தா இப்படித்தான் ஆவும்." பிறகு, "எனக்கும் இப்பதான்டா புரிஞ்சுது. அந்த டாக்டரு பொண்ணு ஜீப்புன்னு சொல்லி இருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும்" என்றாள்.

"நாளைக்கி வர்றியா?"

"வர்றேன்னு சொன்னா வர்றேன். போய்ட்டு பந்தியப் பாரு. சாம்பாரு பத்தாது."

வெளியே வந்தபோது பெண்கள் பக்கம் என் மனைவியைக் காணவில்லை. பையனின் அம்மாவையும் காணவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியது அவர், கேட்டது என் மனைவி. சபையில் அத்தனை பெரிதாக இருந்த குரல் அங்கிருந்து என் காதுக்கு எட்டவில்லை. அவர் ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பையன் வீட்டாரின் ஜீப்புகள் கிளம்பிப் போயின. ஒரு ஜீப்பில் இடம் காலியாக இருந்தது. பையனின் அம்மா ஏறவில்லை. மருமகளாக வரப்போகிறவளோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டாராம். இரவு தங்க அக்கா வீட்டில் பாய் போட்டார்கள்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கி எப்பக் கெளம்பறீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி."

"முன்சீட்டுல இன்னொருத்தருக்கு எடம் வையுங்க."

யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் இருக்கத்தான் எனக்குப் பழக்கம். ஜீப்பைத் துடைக்கப் போனேன். பாதி துடைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன்.

"அவங்களுக்கும் நின்னு போயி மறுபடி வருதாம்" என்றாள். "ஆறேழு மாசமா. அவங்க ஊர்லயும் அறை இருக்குதுல்ல, அங்கதான் போய் ஒக்காந்துட்டு இருக்காங்க. யாருகிட்டயும் சொல்லல."

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பினோம். முன்சீட்டில் சம்பந்தியம்மாள், பின்னால் அக்காவும் என் மனைவியும். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சதையும் ரத்தமும் எடுத்தார்கள். சம்பந்தியம்மாளுக்கு முதல் பரிசோதனை செய்தார்கள். இரண்டின் முடிவும் அன்று வரவில்லை. இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தோம்.